தீக்கும் ஆற்றுக்கும் தப்பிய ஏடுகள்
தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையரின் வாழ்வு

திருவிழா நெருங்கிவிட்டால் ஆலயத்துப் பண்டக அறை திறக்கப்படும். வாகனங்கள் வெளியே எடுக்கப்பட்டுத் துடைக்கப்படும். விளக்குகள் புளியிட்டுத் துலக்கப்படும். மூலையில் கிடக்கும் பழைய நோட்டுகளும், செல்லரித்த காகிதக் கட்டுகளும், சென்ற ஆண்டுகளின் அழைப்பிதழ்களும் ஒன்றாகக் குவிக்கப்பட்டு, கொல்லைப்புறத்தில் கொளுத்தப்படும். இதைச் செய்பவர்கள் தீயவர்கள் அல்லர். இறைவன் எழுந்தருளும் இடம் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே செய்கின்றனர். ஒரு நூறாண்டுக்கு முன்னர் தமிழகத்திலும் இவ்வாறே நல்லெண்ணத்தாலும் பக்தியாலும் அழிந்துகொண்டிருந்த ஏடுகளை, வீடு வீடாகவும் மடம் மடமாகவும் கோயில் கோயிலாகவும் சென்று கேட்டுப் பெற்றுக் காப்பாற்றியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள்.

அன்னார் தென்பாண்டி நாட்டில் ஏடு தேடிச் சுற்றி வந்த காலத்தில் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றார். அவ்வூர்ச் சிவாலயத்தில் பாண்டிய மரபில் வந்த மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் ஏராளமாக இருந்தன என்று கேள்வியுற்றே அங்குச் சென்றார். கோயில் அதிகாரியிடம் விசாரித்தபோது, அந்தப் பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமகுண்டத்தில் ஆகுதி செய்துவிட்டதாக விடை கிடைத்தது. அதைச் சொன்னவருக்கு அதில் தவறிருப்பதாகவே தோன்றவில்லை. கேட்டவருக்கோ நெஞ்சு பதறிற்று. அப்படியொரு விதி உண்டோ என்று மனம் புழுங்கியவராய் அவர் அவ்வூரை விட்டு வெறுங்கையோடு திரும்பினார். அந்தத் தீயில் என்னென்ன நூல்கள் வெந்தன என்பதை இனி எவராலும் கூற இயலாது.

திருநெல்வேலியிலும் இத்தகைய அனுபவமே கிட்டிற்று. வழக்கறிஞர் ஒருவரின் இல்லத்தில் முன்னோர் சேர்த்து வைத்த சுவடிகள் வண்டிக் கணக்கில் இருந்தன. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அவற்றை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் சுவடிகளைத் தேர்போலக் கட்டி நீரில் விடுவது வழக்கம் என்று வீட்டுப் பெண்கள் கூறினராம். அவ்வாறே அந்த ஆண்டு ஆடி மாதத்தில் எல்லாம் வாய்க்கால் நீரோடு போயின. சாமிநாதையர் அவ்வீட்டு வாயிலை மிதித்தது அதற்குப் பின்னர்தான். அவர் சில மாதங்கள் முன்னதாகச் சென்றிருக்கக் கூடாதா என்று இன்று படிக்கும் நமக்கும் ஏக்கம் உண்டாகிறது.

இத்துணை ஏடுகளை இழந்தும் தளராமல் தேடிய அப்பெரியார் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். அவர்தம் ஊர் தஞ்சைத் தரணியில் கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். குடும்பத்துக்கு நிலையான வருவாய் இல்லை. தந்தையார் இராமாயணக் கதை சொல்லியும் பாடியும் ஊர் ஊராகச் சென்று குடும்பத்தைக் காத்தார். மகனும் சங்கீத வித்துவான் ஆக வேண்டும் என்பதே அவரது ஆசை. மகனுக்கோ தமிழ்ப் பித்து. எந்த ஊரில் தமிழ் கற்பிப்பவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டாலும், அந்த ஊருக்கே குடும்பத்தோடு குடிபெயரும் அளவுக்கு அந்தப் பித்து வளர்ந்தது.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்னும் இயற்பெயரைக் கொண்டிருந்த அவரைச் சாமிநாதன் என்று அழைத்தவர் அந்த ஆசிரியப் பெருமானே. அந்தப் பெயரே உலகறிந்த பெயராயிற்று. பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியவர். எண்ணற்ற தலபுராணங்களை இயற்றியவர். செய்யுள் அவர் வாயிலிருந்து வரவர மாணவர்கள் எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அங்ஙனம் எழுதிப் பழகிய கையே பின்னாளில் பல நூற்றாண்டுப் பழைமையுடைய ஏடுகளையும் தயக்கமின்றிப் படித்தது. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் சிவபதம் அடைந்தார். அதன் பின்னர் ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அவர்களே சாமிநாதையரை ஆதரித்து, மடத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பணியில் அமர்த்தினார். 1880ஆம் ஆண்டில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றதனால் ஒழிந்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி அவருக்குக் கிட்டிற்று.

இதுவரையிலான வாழ்வு, கற்றறிந்த ஒரு சைவத் தமிழ்ப் புலவரின் வாழ்வு. அக்காலத்துப் புலவர்களுக்குத் தெரிந்தவை அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமே. சங்க நூல்களின் பெயரைச் சிலர் அறிந்திருந்தனர். ஆனால் அவற்றைக் கண்டவர்கள் மிகச் சிலர்.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சென்று கண்டார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் தாம் பாடம் கேட்ட நூல்களை வரிசையாக ஒப்பித்தார். பட்டியல் நீண்டதேயன்றி முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். இருபத்தைந்து வயதில், அதுவும் தாம் கரைகண்டதாக எண்ணியிருந்த துறையில், ஒன்றும் தெரியாதவர் போல நிற்க நேர்ந்ததே அப்பெரியாரின் வாழ்வைத் திருப்பிவிட்டது.

சிந்தாமணி சமண சமயக் காப்பியம். அதன் உட்பொருள் விளங்காத இடங்களுக்கு விளக்கம் நாடி அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் தேடிச் சென்றார். ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கட்டிக் கோலமிட்டிருந்ததைக் கண்டு, என்ன விசேடம் என்று வினவினார். சில மாதங்களாக அவ்வீட்டில் நடந்துவந்த சிந்தாமணி வாசிப்பு அன்று நிறைவெய்திற்று என்றும், அதற்காகவே விழா என்றும் அவர்கள் கூறினர். புலவர் உலகம் மறந்துவிட்ட நூல், கும்பகோணத்துத் தெருவொன்றில் குடும்பத்தார் கூடிக் கொண்டாடும் நூலாக உயிரோடு இருந்தது. திருநீறு அணிந்த சைவர் ஒருவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சேறி வெளிவந்தது.

பனையேடு எவ்வாறு அழிகிறது என்பதை இக்கால இளைஞர்கள் அறிந்திரார். பக்குவப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவி எழுத்தைத் தெளிவுபடுத்துவார்கள். ஓலையின் ஆயுள் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகள். அதற்குள் வேறோர் ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். ஒரு தலைமுறை அதைச் செய்யத் தவறினால் இராமபாணப் பூச்சி துளைத்துவிடும், ஓரங்கள் முறியும், கயிற்றில் கோத்த ஏடுகள் முன்பின்னாகக் கலந்துவிடும். மேலும் ஏட்டெழுத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. க என்பதும் க் என்பதும் ஒன்றே. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. செய்யுள் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதே சில ஏடுகளில் தெரியாது. ஒரு நூலுக்குப் பல ஊர்ப் பிரதிகளைத் தேடி ஒப்பிட்டாலன்றி மெய்யான பாடம் இன்னதென்று துணிய முடியாது. ஒரு பிரதி கிடைத்த பிறகும் அவர் ஓயாமல் அலைந்ததன் காரணம் இதுவே.

பத்துப்பாட்டுக்காக அவர் ஆழ்வார்திருநகரிக்குச் சென்ற வரலாறு திருவிழாக் காலத்தில் நினைக்கத்தக்கது. கவிராயர்கள் வழிவழியாக வாழ்ந்த ஊர் அது. ஆதலின் ஏடு கிடைக்கும் என்று பெருநம்பிக்கையோடு சென்றார். வீடு வீடாகப் பார்த்தும் வேண்டிய நூல் அகப்படவில்லை. அப்போது அவ்வூரில் திருவிழா. இரவில் நம்மாழ்வார் வாகனத்தில் எழுந்தருளி வீதி வலம் வந்தார். சிவபக்தராகிய சாமிநாதையர் தெருவில் நின்று ஆழ்வாரைக் கைதொழுது, தமிழ் வேதம் பாடிய பெருமானே, உமது ஊருக்கு வந்தும் தமிழ் நூலொன்று கிடைக்காமல் போகலாமா என்று உள்ளம் உருகி வேண்டிக்கொண்டார். அன்றிரவே இலட்சுமண கவிராயர் என்பவர் கையில் ஏட்டோடு வந்தார். அவருடைய மாமனார் வீட்டிலும் ஏடுகள் இருந்தன. மாமனாருக்கும் மருமகனுக்கும் மனத்தாங்கல் இருந்ததனால் அவர் அங்கே போய்க் கேட்கத் தயங்கியிருந்தார். வந்தவர் படும் துன்பத்தைக் கண்டு, மனத்தாங்கலை ஒதுக்கிவிட்டுச் சென்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். அதுவே பத்துப்பாட்டு. ஆழ்வாரின் அருள் என்றே சாமிநாதையர் அதைக் கொண்டார். ஓர் ஏடு வெளிவருவதற்கு ஒரு குடும்பத்தின் கோபம் தணிய வேண்டியிருந்தது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பத்துப்பாட்டிலேயே குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதியில் சில அடிகள் எந்தப் பிரதியிலும் சிதையாமல் கிடைக்கவில்லை. எஞ்சிய இடம் தருமபுர ஆதீனம். திருவாவடுதுறை ஆதீனத்துக்கும் தருமபுர ஆதீனத்துக்கும் அக்காலத்தில் இணக்கமில்லை. திருவாவடுதுறையின் பிள்ளையாகவே வளர்ந்த ஒருவர் தருமபுரத்தின் வாயிலில் போய் நிற்பது எளிதன்று. ஆயினும் சென்றார். அங்கிருந்த தலைவர் அன்போடு வரவேற்று, புத்தகசாலையைத் திறந்துவிட்டார். கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்துக் களைத்த பிறகே விடுபட்ட பகுதி கிடைத்தது. 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியாயிற்று. முருகன் அடியார்கள் நாள்தோறும் பாராயணம் செய்யும் திருமுருகாற்றுப்படை அத்தொகுதியின் முதற்பாட்டு என்பதை இங்கு நினைவூட்டத் தேவையில்லை.

அதன் பிறகு 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல், 1924இல் பெருங்கதை, 1937இல் குறுந்தொகை என்று அவரது பதிப்புகள் தொடர்ந்தன. வீரவனப் புராணம், சூரைமாநகர்ப் புராணம், திருக்காளத்திப் புராணம் முதலிய தலபுராணங்களையும், உலா, தூது, கோவை முதலிய சிறு நூல்களையும் அவர் அச்சிட்டார். ஓர் ஊரின் கோயில், தீர்த்தம், அங்கு வாழ்ந்த மக்கள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளை இத்தகைய சிறு நூல்களே தாங்கி நின்றன. பெருங்காப்பியங்களைத் தேடிய கை இவற்றையும் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது. இத்தனைக்கும் அச்சிடும் செலவுக்குப் பணம் இல்லை. முன்னதாகக் கையொப்பமிட்டுப் பணம் உதவிய அன்பர்களாலும், ஆதீனங்களாலும், பாண்டித்துரைத் தேவர் போன்ற வள்ளல்களாலுமே நூல்கள் வெளிவந்தன.

கிடைத்தவற்றைக் கொண்டாடும் நாம் கிடைக்காதவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. பரிபாடல் எழுபது என்பர். முழுமையாகக் கிடைத்தவை 22 பாடல்களே. முருகப்பெருமானுக்கும் திருமாலுக்கும் உரிய பாடல்கள் பல அதில் அடங்கியிருந்தன. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் போயின. வேறு பல பாடல்கள் அடி சிதைந்து நிற்கின்றன. ஓமத்தீயிலோ ஆடிப்பெருக்கிலோ, யாருடைய வீட்டுப் பரணிலோ அவை அழிந்தன.

மலேசியத் தமிழர்களுக்கு இக்கதை வேற்றூர்க் கதையன்று. ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்திலும் பேராக் மாநிலத்தின் மற்றத் தோட்டப் புறங்களிலும் ரப்பரும் தென்னையும் பயிரிட வந்த மக்கள், குடியிருப்பு அமைந்த கையோடு மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பினர். அக்கோயில்களின் வசூல் நோட்டு, ரசீதுக் கட்டை, திருவிழா அழைப்பிதழ், குடமுழுக்கு மலர் ஆகியவற்றில்தான் எந்தத் தோட்டத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, யார் பந்தல் போட்டார், யார் எத்தனை வெள்ளி கொடுத்தார் என்னும் செய்திகள் பதிந்துள்ளன. துரைமார்களின் கணக்குப் புத்தகம் மக்களைத் தலைக்கணக்காகக் குறித்தது. கோயில் நோட்டோ பேரும் ஊரும் சேர்த்துக் குறித்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தபோதும், பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும், மக்கள் கலைந்தனர். கோயில் இடம் பெயர்ந்தால் அம்மன் சிலையைத் தலையில் சுமந்து சென்றனர். அலமாரியைச் சுமந்து சென்றவர்கள் குறைவு.

சாமிநாதையர் 1903ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, 1919இல் ஓய்வு பெற்றார். திருவல்லிக்கேணிப் பகுதியில் அவர் வாழ்ந்த இல்லத்துக்குத் தம் முன்னோடி தியாகராச செட்டியாரின் நினைவாகத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகத் தொண்டாற்றினார். கவி இரவீந்திரநாத தாகூர் அவரை நேரில் வந்து கண்டார். காந்தியடிகள் 1937இல் சென்னையில் அவரது வரவேற்புரையைக் கேட்டு, இவரிடம் தமிழ் கற்கும் ஆவல் தோன்றுகிறது என்ற கருத்துப்பட மொழிந்தார். பட்டங்கள் வந்தபோதும் பகல் முழுவதும் ஏடும் கையுமாகவே இருந்தார். தமக்கு வந்த கடிதங்களையும் தாம் எடுத்த குறிப்புகளையும் அவர் எறிந்துவிடவில்லை. தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக எழுதி வெளியிட இயன்றதும் அந்தப் பழக்கத்தால்தான்.

1940ஆம் ஆண்டு சனவரி முதல் ஆனந்த விகடன் இதழில் தம் வரலாற்றை என் சரித்திரம் என்னும் தலைப்பில் வாரந்தோறும் எழுதலானார். அப்போது வயது 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் கிழக்கே பரவிற்று. 1942ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படை கடல் வழியே வந்து ஹுத்தான் மெலிந்தாங்கில் கரையேறி, அந்நாளில் தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தானைக் கைப்பற்றிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் வீழ்ந்தன. சென்னை மக்கள் ஊரைக் காலிசெய்து உள்நாடுகளுக்கு விரைந்தனர். சாமிநாதையரும் முதுமையில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சேர்ந்தார். வேதகிரீசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்திருத்தலத்திலேயே 1942 ஏப்ரல் 28ஆம் நாள், 87ஆம் வயதில், இறைவன் திருவடி எய்தினார்.

அவர் சேர்த்த ஏடுகள் சிதறவில்லை. மறு ஆண்டே, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் தோன்றிற்று. பின்னர் அது சென்னை பெசன்ட் நகரில் சொந்தக் கட்டடத்தில் அமைந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச் சுவடிகளும், அவர் கைப்பட எழுதிய குறிப்புகளும், அவருக்கு வந்த கடிதங்களும் அங்குப் பேணப்படுகின்றன.

என் சரித்திரம் மட்டும் முற்றுப்பெறவில்லை. 122 அத்தியாயங்களோடு, மணிமேகலைப் பதிப்பு முடிந்ததை ஒட்டிய காலத்துச் செய்திகளில் அது நின்றுவிட்டது. 1950ஆம் ஆண்டில் அது நூல் வடிவம் பெற்றது. எஞ்சிய நாற்பதாண்டு வாழ்க்கையைப் பின்னாளில் என் ஆசிரியப்பிரான் என்னும் நூலில் தொடர்ந்து எழுதி முடித்தவர், அருகிருந்து பணிபுரிந்த மாணவர் கி. வா. ஜகந்நாதன்.